வேலையின்மையும் நாட்டின் அமைதியும்: புத்தளக் கரையோரம் புகட்டும் பாடம்

நாட்டுக்கு இலக்கணம் வகுக்கப் புகுந்த திருவள்ளுவர், பசியையும் பிணியையும் பகையையும் ஒரே குறளில் அடுத்தடுத்து நிறுத்தினார். இம்மூன்றும் ஒன்றையொன்று இழுத்துவரும் இயல்பின என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். அக்காலத்திற் பசிக்குக் காரணம் பெரும்பாலும் மழையின்மையாக இருந்தது. இக்காலத்திலோ வயல் விளைந்தும் சந்தையிற் பண்டம் நிறைந்தும் இருக்கும்போதே பசித்திருக்கும் குடும்பங்கள் பல உள. அவற்றின் பசிக்குக் காரணம் வேலையின்மை. பசி பகையை அழைத்துவருமாயின், வேலையின்மையும் அதனை அழைத்துவருமா? வருமெனின், எந்நிலையில் வரும்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலையற்ற இளைஞர் பெருகினால் நாட்டிற் கலகம் பெருகும் என்பது பலரும் கூறும் கூற்று. இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. வேலையற்றோர் மிகுந்தும் அமைதி குன்றாத இடங்கள் உலகில் உள. வேலையற்றோர் தொகை குறைந்துவந்த காலத்திலேயே போர் மூண்ட நாடுகளும் உள. அவற்றுள் இலங்கையும் ஒன்று. ஆகவே, வேலையின்மை என்னும் விறகு எப்பொழுது தீப்பற்றுகின்றது என்பதே கேட்கத்தக்க கேள்வி. உள்ள வேலை நேர்மையாகப் பங்கிடப்படவில்லை என்ற எண்ணமும், நாளையேனும் தமக்கு வழி பிறக்கும் என்ற நம்பிக்கை அற்றுப்போதலும் வேலையின்மையுடன் சேருமிடத்தே அமைதி குலைகின்றது. இதனை முதலில் மேற்கு ஆபிரிக்காவிலும், அடுத்து இலங்கையின் வரலாற்றிலும், இறுதியாகப் புத்தளக் கரையோரத்திலும் வைத்து நோக்குதல் தகும்.

மேற்கு ஆபிரிக்காவில் லைபீரியா 1989ஆம் ஆண்டு தொடக்கம் 2003ஆம் ஆண்டு வரை, இடையிற் சில ஆண்டுகள் ஓய்ந்திருந்தமை நீங்கலாக, உள்நாட்டுப் போரில் அழிந்தது. அதன் அயல்நாடாகிய சியரா லியோனில் 1991இல் மூண்ட போர் 2002இலே முடிவுற்றது. போர் முடிந்தபின் சியரா லியோனில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரும், லைபீரியாவில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரும் படைக்கலைப்புத் திட்டங்களிற் பதிவு செய்யப்பட்டனர். இவர்களிற் பெரும்பாலார் இளைஞர். பள்ளிப் பருவத்தையே போர்க்களத்திற் கழித்தவர்கள். துப்பாக்கியை வாங்கிக்கொள்வது எளிதாயிற்று; அது பிடித்த கைக்கு வேறொரு கருவியைக் கொடுப்பதே அரிதாயிற்று. வேலை காணாதவருட் சிலர், 2002இற் கலகம் தொடங்கிய ஐவரி கோஸ்ட் நாட்டிற்குக் கூலிப்படையினராக எல்லை கடந்து சென்றனர். ஒரு நாட்டின் வேலையின்மை மற்றொரு நாட்டின் போராக மாறியது. ஐக்கிய நாடுகள் சபையின் மேற்கு ஆபிரிக்க அலுவலகம் இளைஞரின் வேலையின்மையையும் பிராந்தியத்தின் பாதுகாப்பின்மையையும் இணைத்து 2005ஆம் ஆண்டிலே தனி அறிக்கை ஒன்றை வெளியிட நேர்ந்தமை இதனாலாகும்.

அந்நாடுகளிற் பெற்ற அனுபவம் இரு வகைப்பட்டது. படை கலைந்த இளைஞருக்குத் தச்சும் தையலும் கொத்துவேலையும் சில மாதங்கள் கற்பிக்கப்பட்டன. ஆனால் அத்தொழில்களுக்கு வேண்டிய வாடிக்கையாளர் போரிற் பாழான ஊர்களில் இல்லை. கற்றவர் பலர் தமக்குக் கிடைத்த கருவிகளை விற்று உண்டனர். அதேவேளையில், சியரா லியோனின் போ, கெனமா, மகெனி முதலிய நகரங்களில் முன்னாட் போராளிகள் மோட்டார் சைக்கிள்களில் ஆட்களை ஏற்றிச்சென்று கூலி பெறும் தொழிலைத் தாமே தொடங்கினர். எதிரெதிர் அணிகளில் நின்று போரிட்டவர்கள் ஒரே சங்கத்தில் உறுப்பினராயினர். ஊரார்க்கு அத்தொழில் தேவைப்பட்டமையால் அது நிலைத்தது. ஊருக்கு வேண்டிய வேலையே மனிதனை ஊருக்கு வேண்டியவனாக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

லைபீரியாவிற் கிறிஸ்தோபர் பிளாட்மன், ஜெனி அன்னன் என்னும் ஆய்வாளர் இருவர் கண்ட முடிவு மேலும் கருதற்பாலது. முன்னாட் போராளிகளுக்குக் கமத்தொழிற் பயிற்சியும் முதலும் அளித்தபின், அவர்கள் சட்டத்துக்குப் புறம்பான தொழில்களிற் செலவிட்ட நேரம் குறைந்தது. எனினும் அத்தொழில்களை முற்றாகக் கைவிட்டாரல்லர். 2011ஆம் ஆண்டில் ஐவரி கோஸ்டிற் போர் மீண்டும் மூண்டபோது, இன்னும் ஒரு தவணை முதல் தமக்கு வரவிருக்கின்றது என எதிர்பார்த்திருந்தவர்களே கூலிப்படை நாட்டத்தினின்றும் பெரிதும் விலகி நின்றனர். கையிலுள்ள காசினும் நாளை கிடைக்கும் என்ற நம்பிக்கை மனிதனைக் கட்டுப்படுத்தும் வலிமை உடையது என்பது இதன் பொருள்.

இனி இலங்கையை நோக்குவோம். 1946ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி இந்நாட்டின் சனத்தொகை 66 இலட்சத்துக்குச் சற்று அதிகம். மலேரியா அடக்கப்பட்டமை முதலிய காரணங்களால் இறப்பு வீதம் விரைந்து குறைந்தது. 1971இற் சனத்தொகை ஏறத்தாழ 127 இலட்சமாயிற்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, முன்னர்ப் பள்ளி வாசலை மிதித்தறியாத குடும்பங்களின் பிள்ளைகளையும் கற்கச் செய்தது. இவை இரண்டும் இந்நாட்டின் பெருமைகள். ஆயினும், தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றினையே நம்பியிருந்த பொருளாதாரம், கற்று வெளியேறிய அத்தனை பேரையும் ஏற்கும் ஆற்றல் உடையதாக வளரவில்லை. 1960ஆம் ஆண்டுகளில் ஏற்றுமதி விலைகள் தளர்ந்தன. அந்நியச் செலாவணி அருகியது. இளைஞரின் காத்திருப்பு நீண்டது.

1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆந் திகதி தென்னிலங்கையிற் கிளர்ச்சி வெடித்தது. மக்கள் விடுதலை முன்னணியைச் சேர்ந்த இளைஞர் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். அரசு அதனைக் கடுமையாக அடக்கியது. பல்லாயிரம் இளைஞர் உயிரிழந்தனர். பிடிபட்டவருட் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய விபரங்களை மானிடவியற் பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பின்னர் ஆராய்ந்தார். அவர்கள் எழுத்தறியாத வறியவர் அல்லர். கிராமப் பாடசாலைகளிற் கற்றுத் தேறிய இளைஞரே மிகப் பலர். அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் நிறுவனத்தின் குழு, வேலையற்றோர் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் எனக் கணக்கிட்டது. அக்குழு தனது அறிக்கையின் தலைப்பிலேயே வேலை வாய்ப்பினையும் எதிர்பார்ப்பினையும் பொருத்துதல் பற்றிக் கூறியது. நோய் எங்குள்ளது என்பதை அத்தலைப்பே சுட்டிற்று. கல்வி ஓர் எதிர்பார்ப்பை வளர்த்தது. பொருளாதாரம் அதனை ஏமாற்றியது.

வடக்கிலும் கிழக்கிலும் இவ்வேமாற்றத்துடன் மற்றொன்றும் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டமும், 1970ஆம் ஆண்டுகளிற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும், தாம் தமிழராதலினாலேயே வாயில் அடைக்கப்படுகின்றது என்னும் உணர்வைத் தமிழ் இளைஞரிடத்தே தோற்றுவித்தன. பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. ஈண்டுக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1973இல் மத்திய வங்கியின் ஆய்வின்படி உழைப்போர் தொகையில் நூற்றுக்கு 24 பேர் வேலையற்றிருந்தனர். 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. மத்திய கிழக்கிற்குப் பலர் தொழில் தேடிச் சென்றனர். 1981-82ஆம் ஆண்டளவில் அத்தொகை நூற்றுக்குப் பன்னிரண்டளவிற்கு இறங்கியது. அவ்வாறு இறங்கிய பின்னரே 1983இல் வடகிழக்கிற் போர் மூண்டது. 1987 முதல் 1989 வரை தெற்கிற் கிளர்ச்சி மீண்டும் எழுந்தது. இளைஞரின் அமைதியின்மையை ஆராய்ந்த சனாதிபதி ஆணைக்குழு 1990ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தபோது, வேலை நியமனங்களில் அரசியற் செல்வாக்கு புகுந்தமையை முதன்மையான குறைகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டியது. சான்றிதழைப் பார்க்க வேண்டியவர் சிபாரிசுக் கடிதத்தைப் பார்த்தார். சான்றிதழ் வைத்திருந்தவன் மனம் கசந்தான்.

இவ்வாறு மேற்கு ஆபிரிக்காவும் இலங்கையும் காட்டும் உண்மையைச் சோதித்தறிவதற்குப் புத்தளக் கரையோரம் மிகவும் ஏற்ற களமாகும். தெற்கே வென்னப்புவ, சிலாபம் முதற்கொண்டு, திரௌபதை அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம் நகர் ஊடாக வடக்கே கற்பிட்டி வரை நீளும் இக்கரையிற் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவரும், பௌத்தம், இந்து, இசுலாம், கிறித்தவம் ஆகிய நான்கு சமயத்தாரும் அருகருகே வாழ்கின்றனர். கடலிலும் களப்பிலும் மீன்பிடி, பாலாவியில் உப்பளம், தென்னந்தோட்டம், கற்பிட்டி மணற்பாங்கிற் கிணற்று நீர் இறைத்துச் செய்யும் வெங்காயம், மிளகாய், புகையிலைப் பயிர், பாலாவியிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலை, அதற்கு அருவக்காட்டிலிருந்து புகையிரதத்தில் வரும் சுண்ணக்கல் அகழ்வு ஆகியன இக்கரை மக்களுக்குப் பிழைப்பளித்தவை. இவற்றுட் பெரும்பகுதி பருவத்தை நம்பிய நாட்கூலி வேலை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மழை பெய்தால் உப்பளத்தில் வேலை இல்லை. காற்றடித்தாற் கடலில் வேலை இல்லை.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சில மணித்தியாலங்களில், சில இடங்களிற் சில நாட்களில், வீடு, வயல், படகு, கடை அனைத்தையும் விட்டு அவர்கள் புறப்பட நேர்ந்தது. வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவருட் பெரும்பாலார் புத்தள மாவட்டத்தை வந்தடைந்தனர். மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். இக்கரை மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். சமைத்த உணவைக் கொண்டுவந்து கொடுத்தனர். தென்னந்தோட்டங்களிற் கொட்டில் போட இடமளித்தனர். செல்வம் மிகுந்திராத ஒரு சமூகம் தன்னை நாடி வந்த பெருந்தொகையினரை ஏற்றுக்கொண்ட இந்நிகழ்ச்சி, இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் மறக்கலாகாத ஒன்றாகும்.

ஆனால் விருந்தோம்பல் மாதக்கணக்கிற்குப் போதும், ஆண்டுக்கணக்கிற்குப் போதாது. வந்தோர் வாழ்வதற்கு வேலை தேடினர். வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் மீன்வாடியிலும் முன்னரே நாட்கூலிக்கு நின்றவரின் பக்கத்தில் அவர்களும் நின்றனர். வந்தவர்க்கு உலர் உணவு நிவாரணம் கிடைத்தமையாற் குறைந்த கூலிக்கும் அவர்களால் வேலை செய்ய முடிந்தது. கூலி இறங்கியது. பாடசாலையில் இடம், ஆசுபத்திரியில் வரிசை, கிணற்றில் நீர், அரசாங்க உத்தியோகம், பல்கலைக்கழக அனுமதி ஆகிய ஒவ்வொன்றிலும் நெருக்கடி தோன்றியது. ஓலைக்குடிசையில் வாழ்ந்த உள்ளூர் ஏழை, பக்கத்து முகாமுக்கு நிவாரண வண்டி வருவதையும் தன் வாசலை அது கடந்து செல்வதையும் கண்டான். வந்தவனோ ஆண்டுகள் பல கழிந்தும் ‘அகதி’ என்னும் பெயர் தன்னை விட்டு நீங்காமையைக் கண்டான். மொழியும் சமயமும் ஒன்றாயிருந்த இரு சாராரிடையே மனக்கசப்பு வளர்ந்தது. அதனை வளர்த்தது இனமும் அன்று, மதமும் அன்று; வேலையும் அதன் பங்கீடுமே.

எனினும் இக்கசப்பு போராக மாறவில்லை. காரணங்கள் சிந்திக்கத்தக்கவை. முதலாவது, வந்தோர் வெறுங்கையராயினும் தொழிலறிவு உடையோராய் இருந்தனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வணிகமும் கமமும் மீன்பிடியும் அறிந்தவர்கள் இங்கும் கடை வைத்தனர், நிலம் வாங்கினர், குத்தகைக்குப் பயிர் செய்தனர். இவ்வாறு வேலையைத் தேடுவோராய் வந்தவருட் சிலர் வேலையைக் கொடுப்போராயினர். இரண்டாவது, பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் இரு சாராரும் கூடிப் பேசும் இடங்களாய் விளங்கின. மூன்றாவது, உதவி செய்தோர் காலந் தாழ்த்தியேனும் தம் பிழையைத் திருத்திக்கொண்டனர். 2007இல் உலக வங்கியின் துணையுடன் தொடங்கிய புத்தள வீடமைப்புத் திட்டம், இடம்பெயர்ந்தோர்க்கு மட்டுமன்றி அவர்களை ஏற்ற ஊரவருள் வறியோர்க்கும் வீடமைக்க இடமளித்தது. பக்கத்து வீட்டானைப் புறக்கணித்து ஒருவனுக்குச் செய்யும் உதவி, அவனுக்குப் பகையையும் சேர்த்துக் கொடுக்கின்றது என்னும் பாடம் பதினேழு ஆண்டுகளின் பின் ஏற்கப்பட்டது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின் சிலர் வடக்கே மீண்டனர். பலர் இக்கரையிலேயே நிலைத்தனர்.

வேலை கொடுப்பதாய் வந்த பெருந்தொழில்களும் ஆராயத்தக்கவை. 1980ஆம் ஆண்டுகளில் இக்கரையில் இறாற் பண்ணைகள் பெருகின. கண்டற் காடுகள் வெட்டப்பட்டுக் குளங்களாயின. பணம் விரைந்து புழங்கியது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவிற்று. பண்ணைகள் பல கைவிடப்பட்டன. முதலிட்டவர் வேறு தொழிலுக்குச் சென்றனர். கூலிக்காரர்க்கு வேலையும் இல்லை, களப்பு மீனுக்கு உறைவிடமாயிருந்த கண்டலும் இல்லை. நுரைச்சோலையில் 2011இல் முதற்கட்டம் இயங்கத் தொடங்கி 2014இல் நிறைவுற்ற அனல் மின்னிலையம் 900 மெகாவாற்று ஆற்றல் வாய்ந்தது. நாட்டிற்கு ஒளி தருவது. ஆயினும், இத்தகைய நிலையம் முதலை மிகுதியாகவும் ஆட்களைக் குறைவாகவும் வேண்டுவது. பெருந்தொழில் அருகே எழுந்தமையால் மட்டும் ஊர் இளைஞனுக்கு வேலை கிடைத்துவிடாது. அதற்கேற்ற பயிற்சி முன்கூட்டியே அவனுக்கு அளிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இக்கரையில் வேலை போதாதபோது அது பிற கரைகளிலும் தேடப்படுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால், சிலாபம், உடப்பு முதலிய ஊர்களின் மீனவர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். போர் அதனைத் தடுத்தது. போருக்குப் பின் தென்னிலங்கை மீனவர் அங்கு மீண்டபோது, முகாம்களிலிருந்து தம் கரைக்குத் திரும்பிய முல்லைத்தீவுத் தமிழ் மீனவர், தமது கடலிலே தமக்கே இடமில்லையெனக் குமுறினர். 2018 ஆகஸ்டு மாதத்தில் நாயாற்றில் அவர்களுடைய வாடிகளும் படகுகளும் இரவோடிரவாகத் தீக்கிரையாயின. இரு சாராரும் ஏழைகள். இரு சாராரும் ஒரே மீனை நாடியோர். யார் எங்கே எத்துணைப் படகுகளுடன் தொழில் செய்யலாம் என்பதை இரு சாராரும் ஏற்கும் வகையில் முன்னரே வகுத்திருப்பின், அங்கு அச்சந்தேகமும் சினமும் அவ்வளவு முதிர்ந்திரா.

எஞ்சியோர் கடல் கடக்கின்றனர். வென்னப்புவச் சுற்றாடலிலிருந்து இத்தாலிக்கும், ஏனைய ஊர்களிலிருந்து மத்திய கிழக்கிற்கும் செல்வோர் பலர். 2022இல் நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழில் தேடி வெளிநாடு சென்றனர். இது கொதிகலத்தின் ஆவியை வெளியேற்றும் வாயிலைப் போன்றது. கலம் வெடிக்காமற் காக்கும். அடியிலுள்ள நெருப்பை அணைக்காது.

ஈண்டு ஒரு தடையும் எழுதல் கூடும். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தினத்தன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடிக்கச் செய்தவருட் செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தனர். அவ்வாண்டு சனவரியில் வெடிமருந்துகள் கண்டெடுக்கப்பட்டது இம்மாவட்டத்து வண்ணாத்திவில்லுவிலேயே. அவ்வாறாயின் வேலையின்மைக்கும் வன்முறைக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். வன்முறைக்கு வேறு காரணங்களும் உள என்பது மறுக்கத்தக்கதன்று. கொடுங்கொள்கையைத் தொடங்குவோர் வேலையற்றவராயிருத்தல் வேண்டும் என்பதில்லை. ஆனால், எக்கொள்கையாளரும் தமக்குக் கூட்டம் சேர்க்கப் புகுமிடம், நம்பிக்கை இழந்த இளைஞர் நிறைந்த இடமே. வேலை அவ்விடத்தைச் சுருக்குகின்றது. தீமையை முற்றாக வேரறுக்கும் ஆற்றல் அதற்கில்லை.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. ஒன்று, வேலையைப் பெருக்குதல் மட்டும் போதாது. அது திறமை கண்டு வெளிப்படையாகப் பங்கிடப்படுதல் வேண்டும். இரண்டு, போரினால் வந்தோர்க்கு உதவும்போது, அவர்களை ஏற்றோர்க்கும் உதவுதல் வேண்டும். மூன்று, பயிற்சியானது ஊருக்கு வேண்டிய தொழிலில் அமைதல் வேண்டும். அதன்பின் முதலும் வழிகாட்டலும் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இளைஞனுக்கு இருத்தல் வேண்டும்.

இம்மூன்றும் அரசின் கடமைகள் எனக் கூறிக் கல்வியாளர் ஒதுங்கிவிடல் இயலாது. 2019இல் இந்நாட்டில் வேலையற்றோர் மொத்தத்தில் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே இருந்தனர். பதினைந்து முதல் இருபத்துநான்கு வயது வரையுள்ளோரிலோ நூற்றுக்கு இருபதின்மருக்கும் மேலாக இருந்தனர். பாடசாலையை விட்டு வெளியேறும் பருவமே மிகுந்த இடர்ப்பாட்டுப் பருவம் என்பது இதனாற் புலனாகும். அரசாங்க உத்தியோகமே கல்வியின் பயன் என மாணாக்கனுக்குக் கற்பிக்கும் பாடசாலை, அவன் அடையும் ஏமாற்றத்துக்கும் பொறுப்பாளியாகின்றது. க. பொ. த. உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழக வாயிலைத் தவறவிட்ட மாணாக்கன் மறுநாட் காலையில் எங்கே செல்வான் என்பது, ஒவ்வோர் ஆசிரியனும் அதிபரும் பழைய மாணவரும் விடை தேட வேண்டிய வினா. பழைய மாணவர் பலர் வணிகத்திலும் கைத்தொழிலிலும் உயர்நிலையில் உள்ளனர். அவர்கள் ஆண்டுக்கொரு பரிசுக் கேடயத்துடன் நில்லாது, ஆண்டுக்குச் சிலரைத் தொழில் பழக்கவும் முன்வருவாராயின், அது கல்லூரிக்கு மட்டுமன்றி நாட்டின் அமைதிக்கும் செய்யும் தொண்டாகும்.

புத்தளக் கரையில் 1990ஆம் ஆண்டு இறங்கிய படகுகளை வரவேற்ற மக்கள், தம் உணவைப் பகிர்ந்து அமைதியைக் காத்தனர். உணவைப் பகிர்தல் ஈகை. வேலையைப் பகிர்தல் நீதி. ஈகை ஓர் இரவுக்கு அமைதியைத் தரும். நீதியோ ஒரு தலைமுறைக்கே அதனைத் தரும்.